நடுத்தெரு ராஜா

இல்ல நடுவர் சார், அவரு மேல புகார் சொல்ல உங்களைக் கூப்புடல. எதிர்ல ஆடற அந்த ஆஸ்பத்திரி மருந்துக்காரரு தங்கமான மனுஷன். மேசையைத் தட்டல, காலை ஆட்டல, காயை வச்சுட்டுத் திருப்பி எடுக்கல. ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து செஸ் போர்டை விட்டுத் தலையே தூக்கல. அவரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா என் வாய் அழுகிப் போயிடும். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க. வெளிய இருக்கறவங்க காதைத் தீட்டிட்டு நிக்கறாங்க. கண்ணாடிக் கதவுதான், பாத்தா பாத்துட்டுப் போகட்டும். கேக்காம இருந்தா சரி.

கடிகாரமா? நிறுத்திட்டுத்தான் சார் வந்தேன். நடு பட்டனை அமுக்குனா ரெண்டு பேருக்கும் நிக்கும்னு காலையில நீங்கதானே சொன்னீங்க. எனக்குப் பதினோரு நிமிஷம் இருக்கு, அவருக்கு ஒம்போது. அது எங்கயும் ஓடிப் போகாது. அவரும் தண்ணி குடிக்கப் போயிட்டாரு. வரட்டும், மெதுவா வரட்டும்.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பொம்பள வேர்த்து நின்னா உடனே மயக்கமான்னு கேப்பீங்களே! நான் பஸ்ஸுக்கு சீட்டு தைக்கறவ சார். பஸ் பாடி கட்டற பட்டறையில பதினாலு வருஷமா ரெக்சினை இழுத்துக் கட்டறேன். தகரக் கூரைக்குக் கீழ உக்காந்து ஒரு நாளைக்குப் பத்து சீட்டு முடிக்கறவளுக்கு இதெல்லாம் ஒரு வேர்வையா? இந்த விரலைப் பாருங்க. கோணி ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப் போச்சு. இதுல சிப்பாயைத் தூக்குனா சிப்பாய் இருக்கறதே தெரியாது.

ஒரே வார்த்தையில சொல்லிடலாம், எனக்கு வாய் இல்லாம இல்ல. ஆனா ஒரே வார்த்தையில சொன்னேன்னு வைங்க, நாளைக்கு எங்க பட்டறை ஆளுங்க அதைக் கையில எடுத்துக்கிட்டு வேற மாதிரிப் பேசுவாங்க. அதனால ஒரு ஆளுக்காவது முழுசாத் தெரியணும். இந்தக் கட்டடத்துலயே எந்தப் பக்கமும் சேராத ஆளு நீங்க ஒருத்தருதான். ரெண்டு நிமிஷமா? சரி, ரெண்டு நிமிஷம். கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், கோவிச்சுக்காதீங்க.

நிலவரம் உங்களுக்கே தெரியும். நாலு போர்டு. எங்க ஃபோர்மேன் ஜெயிச்சுட்டாரு. எங்க வீட்டுக்காரரு தோத்துட்டாரு. பெயிண்ட் செக்‌ஷன் ஆளு ட்ரா பண்ணிட்டாரு. மிச்சம் நான். சமமா முடிஞ்சா போன வருஷம் ஜெயிச்ச ஆஸ்பத்திரி டீமுக்கே ஷீல்டு. அப்ப எனக்கு ட்ராவும் பத்தாது, ஜெயிச்சே ஆகணும். ஜெயிச்சா ஷீல்டு எங்களுக்கு. ஷீல்டு வந்தா கேம்ஸ் ரூம் எங்களுக்கு.

ஆமா, அது உங்களுக்குத் தெரியாதில்ல. எங்க பட்டறையில ஒரு கேம்ஸ் ரூம் இருக்கு சார். பெரிய மாளிகைன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், மூணு போர்டு, உடைஞ்ச பஸ் சீட்டு நாலு. அந்த சீட்டைக்கூட நான்தான் மேல துணி போட்டுத் தைச்சேன். புது மேனேஜர் வந்தவுடனே அதைப் பாத்துட்டு, டயர் அடுக்க நல்ல எடம்னுட்டாரு. நாங்க போய் நின்னோம். நான்தான் முன்னாடி நின்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, இத்தனை வருஷமா ஆடறீங்களே, ஒரு ஷீல்டு கொண்டு வந்திருக்கீங்களா, கொண்டு வாங்க, ரூமை வச்சுக்கங்க, இல்லன்னா திங்கக்கிழமை டயர் வருதுன்னாரு. நாளன்னிக்குத்தான் சார் திங்கக்கிழமை.

ஒரு ரூமுக்காகவான்னு கேக்காதீங்க. கேக்கறவங்களுக்கு வேற ரூம் இருக்கும். அந்தப் பட்டறையில நூத்திப் பத்து ஆம்பளைங்க, நாங்க ஆறு பொம்பளைங்க. மத்தியானம் சாப்பிட எங்களுக்குன்னு ஒரு பெஞ்சு கிடையாது. அடுக்கி வச்சிருக்கற சீட்டுக்கு நடுவுல சந்து மாதிரி இருக்கும், அதுல உக்காந்து சாப்புடுவோம். மூணு வருஷம் அங்கதான் சாப்புட்டேன். அந்தச் சந்து கேம்ஸ் ரூம் ஜன்னலுக்கு நேரா இருக்கு. அப்படிப் பாத்துப் பாத்துத்தான் ஆட்டத்தைக் கத்துக்கிட்டேன். யாரும் சொல்லித் தரல. குதிரை எப்படிப் போகுது, மந்திரி எப்படிப் போகுதுன்னு டப்பாவைத் தொறந்து வச்சுக்கிட்டு எட்டிப் பாத்தே கண்டுபுடிச்சேன்.

அங்கதான் சார் ஆரம்பிச்சுது எல்லாம். ஒரு நாள் நம்ம ஃபோர்மேன் ஆடிட்டிருக்காரு. ராஜாவைத் தூக்குனாரு, ரெண்டு கட்டம் தள்ளி வச்சாரு. அதே கையோட யானையைத் தூக்கி ராஜாவுக்கு அந்தாண்ட வச்சாரு. எனக்கு வந்துதே கோவம். ராஜா ஒரு கட்டம்தானே போவான்? ஒரு தடவையில ஒரு காயைத்தானே நகத்தணும்? ஜன்னல் வழியாவே கத்திட்டேன், என்னாங்க, ஒரே தடவையில ரெண்டு காயா, யாரை ஏமாத்தறீங்கன்னு.

அம்மாடி, என்னா சிரிப்பு! ரூமே குலுங்கிச் சிரிச்சுது. ராஜாவைப் பத்திரமா மூலையில ஒளிக்க ஆட்டத்துலயே அப்படி ஒரு சட்டம் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கோட்டை கட்டறது தெரியாத மகராசி வந்துட்டாங்கய்யான்னு ஒருத்தன் மேசையைத் தட்டறான். எங்க வீட்டுக்காரரு வெல்டிங் செக்‌ஷன், அவரும் அங்கதான் நின்னாரு. கட்டுன பொண்டாட்டியாச்சேன்னு ஒரு இது வேணாம்? அவருதான் எல்லாருக்கும் மேல சிரிச்சாரு. வீட்டுக்கு வந்தும் சிரிச்சாரு. சாப்பிட உக்காந்து சிரிச்சாரு. விளக்கை அணைச்சப்புறம் கட்டில் ஆடுது, என்னன்னு பாத்தா அப்பவும் சிரிச்சிட்டிருக்காரு.

அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த ரூமுக்குள்ள போவேன், இவங்களோட ஆடுவேன், இவங்களை அடிப்பேன், ஆனா உயிரே போனாலும் கோட்டை கட்ட மாட்டேன். உங்க கோட்டை உங்களுக்கே இருக்கட்டும்னுட்டேன். வீம்புதான். ஆமா, வீம்புன்னே வச்சுக்கங்க. வீம்பு இல்லன்னா நான் இன்னும் அந்தச் சந்துலயே உக்காந்திருப்பேன்.

உள்ள எப்படிப் போனேனா? கதவு தொறந்துதான் இருந்துச்சு, போய் உக்காந்தேன். ஆடறியான்னாங்க, ஆடறேன்னேன். முதல் ரெண்டு வருஷம் செம அடி. பொய் சொல்லக் கூடாது. என் ராஜா நடுவுல தேமேன்னு நிப்பான், நாலு பக்கத்துலேருந்தும் வந்து மொத்துவாங்க. எனக்குப் பேரே நடுத்தெருன்னு வச்சுட்டாங்க. நடுத்தெரு வந்தாச்சா, நடுத்தெரு சாப்பிட்டாச்சா. இன்னிக்கு வரைக்கும் அதான் பேரு. இப்ப உங்க லிஸ்ட்ல இருக்கற என் பேரைப் பட்டறையில சொல்லிக் கேட்டுப் பாருங்க, யாருக்கும் தெரியாது.

ஆனா நான் சும்மா அடி வாங்கல. சீட்டு அளவு எழுதற நோட்டு ஒண்ணு வச்சிருப்பேன், அதைத் திருப்பிப் பின்னாடிலேருந்து எழுத ஆரம்பிச்சேன். அந்த ரூம்ல நான் பாத்த ஒவ்வொரு ஆட்டமும். யாரு எந்தப் பக்கம் கட்டுனான், எத்தனாவது நகத்தல்ல கட்டுனான், ஜெயிச்சானா தோத்தானா. ஆறு வருஷம் எழுதுனேன், எழுநூத்திச் சொச்சம் ஆட்டம். எங்க வீட்டுக்காரரு கேப்பாரு, என்னடி வருமான வரி கணக்கான்னு. உங்க வண்டவாளம்னு சொல்லுவேன்.

சிரிக்காதீங்க சார், அதுல விஷயம் இருக்கு. கட்டுனா நல்லது, கட்டலன்னா கெட்டதுன்னு இவங்க சொல்றாங்கல்ல, அது பாதிதான். பத்து நகத்தலுக்குள்ள கட்டுனவன் நிறைய ஜெயிச்சிருக்கான், ஒத்துக்கறேன். இருவதுக்கு மேல போய் கட்டுனவன் மூணு ஆட்டத்துல ரெண்டு தோத்திருக்கான். ஏன்னா அவன் யோசிச்சுக் கட்டல, பயந்து கட்டுனான். மழை கொட்டுனப்புறம் குடை வாங்க ஓடற கேஸு. சின்னப் பக்கம், அதான் கிட்ட இருக்கற யானையோட கட்டுனா ராஜாவுக்குப் பத்திரம் ஜாஸ்தி. பெரிய பக்கம், தூரத்து யானையோட கட்டுனா யானை நேரா நடுவுக்கு வந்து நிக்கும், அடி பலமா இருக்கும், ஆனா ஓரத்துச் சிப்பாய்க்குக் காவல் இருக்காது. நீ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்னு ரெண்டு பேரும் எதிரெதிராக் கட்டுனா அவ்வளவுதான், யாரு முதல்ல ஓடறாங்கங்கறதுதான் கணக்கு. அந்த மாதிரி ஆட்டத்துல ட்ராவே வராது, நோட்டுல பாருங்க.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. ராஜாவுக்கு முன்னாடி நிக்கற மூணு சிப்பாய் நகராம இருந்தாத்தான் அது கோட்டை. அதுல ஒண்ணை முன்னாடியே தள்ளி விட்டுட்டு அங்கயே போய்க் கட்டுனா அது என்ன கோட்டை? கதவைப் பேத்து எடுத்துட்டுப் பூட்டை மட்டும் மாட்டற மாதிரி. எங்க வீட்டுக்காரருக்கு இருவது வருஷமா இந்த வியாதி. இன்னிக்கும் அதேதான் பண்ணாரு. ஓரத்துச் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுனாரு, அப்புறம் ஜம்முன்னு அதே பக்கம் கட்டிட்டு என்னைப் பாத்து ஒரு பார்வை பாத்தாரு. பதினேழு நகத்தல்ல முடிச்சு அனுப்பிட்டாங்க. இப்ப அந்தக் கதவுக்குப் பின்னாடி தலையில கை வச்சுக்கிட்டு நிக்கறாரே, அவருதான். பாவம். திட்டறேன், ஆனா பாவம்.

கட்டாதவங்களா? அதுவும் எழுதி வச்சிருக்கேன். மத்தவங்க கட்டாம ஆடுனது ரொம்பத் தோல்வி. என் கணக்குத் தனி. முதல் நாப்பது ஆட்டத்துல மூணுதான் ஜெயிச்சேன். கடைசி அறுவதுல முப்பத்தொம்பது. எப்படின்னா, நடுவுல நிக்கறதுக்கு ஒரு வழி இருக்கு சார். நடுவுல சிப்பாயை நேருக்கு நேரா மோதவிட்டு அடைச்சிடணும், தெரு மூடிரும். ராணியை முதல்லயே மாத்திக்கணும். ராணி ரெண்டும் போயிட்டா ராஜாவுக்கு நடுவுல நிக்கறதுல என்ன பயம்? அப்புறம் மூலையில ஒளிஞ்சவன் வெளிய வர நாலு நகத்தல் ஆகும், என் ஆளு ஏற்கெனவே ரோட்டுல நிக்கறான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. அடி வாங்கி வாங்கிக் கத்துக்கிட்டேன். எங்க ஃபோர்மேனே ஒரு நாள், நடுத்தெருவோட ஆடறதுன்னா கொஞ்சம் வயித்தைக் கலக்குதுய்யான்னு சொல்லிட்டாரு. அன்னிக்கு நான் வீட்டுக்கு நடந்து போகல, மிதந்து போனேன்.

ஃபோர்மேனைப் பாருங்க. அதோ, நீலச் சட்டை. உதட்டுல விரலை வச்சு என்னைப் பாத்துக் காட்டறாரு பாத்தீங்களா? நீங்க திரும்புனதும் மூக்கைச் சொறியறாரு. இருக்கட்டும், அதுக்கு அப்புறம் வரேன்.

காலையில வேன்ல வரும்போது அவரு என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. நடுத்தெரு, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், தட்டக் கூடாதுன்னாரு. இன்னிக்கு ஒரு நாள் உன் வீம்பை வேன்லயே விட்டுட்டு வா. கட்ட வாய்ப்பு வந்தா கட்டிடு. ரூமுக்காகக் கேக்கறேன்னாரு. பின்னாடி சீட்டுல பெயிண்ட்காரரு, எங்க வீட்டுக்காரரு, வேடிக்கை பாக்க வந்தவங்க, அத்தனை பேரும் என் வாயையே பாத்தாங்க. பதினாலு வருஷத்துல அவங்க என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டதே இல்ல சார். எனக்கு என்னமோ ஆயிடுச்சு. சரிங்கன்னுட்டேன்.

அதுதான் தப்பு. அவரு கேட்டது தப்பில்ல, நான் சரின்னதுதான்.

ஆட்டத்துல எட்டாவது நகத்தல்ல மருந்துக்காரரு மந்திரியை வச்சு செக் வச்சாரு. வேற ஒருத்தியா இருந்தா நடுவுல ஒரு காயை வச்சு மறைச்சிருப்பா. நான் பழக்கதோஷம், ராஜாவை ஒரு எட்டு பக்கத்துல தள்ளி வச்சேன். அந்த மனுஷன் லேசாச் சிரிச்சாரு. கெட்ட சிரிப்பு இல்ல, பாவம்ங்கற மாதிரி ஒரு சிரிப்பு. அது இன்னும் மோசம். கெட்ட சிரிப்புக்குத் திருப்பிச் சிரிக்கலாம், பாவம்ங்கற சிரிப்புக்கு என்ன பண்றது? அப்புறம் அந்தப் பக்கம் தெரு தொறக்கற மாதிரி ஆச்சு, பதினஞ்சாவதுல ராஜாவைப் பழைய எடத்துக்கே கொண்டு வந்துட்டேன். அவரு அடிக்க வராரு, நான் அடைக்கறேன். வராரு, அடைக்கறேன்.

இருவத்தஞ்சு முடிஞ்சு பாத்தா, பெரிய பக்கம் காலியா இருக்கு. குதிரை போயிடுச்சு, மந்திரி போயிடுச்சு, ராணி முன்னாடி போயிடுச்சு. ராஜாவுக்கும் யானைக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. யானை அங்கயேதான் நிக்குது, ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து அசையவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சேன். கட்டுனா ராஜா மூலைக்குப் போயிடுவான், யானை நடுவுக்கு வந்துடும், அதே வரிசையில அவரோட குதிரை, அதுக்குப் பின்னாடி அவரோட ராணி. குதிரை நகந்தா ராணி போச்சு, நகரலன்னா குதிரை போச்சு. கொழுத்த ஆடு தானா வந்து நிக்குது. கண்ணைத் தொறந்தா கதவுக்குப் பின்னாடி ஃபோர்மேன், எங்க வீட்டுக்காரரு, எல்லாரும்.

கட்டிட்டேன் சார். ஆட ஆரம்பிச்ச பதினோரு வருஷத்துல முதல் தடவை. சட்டப்படி சுத்தமா, ஒரே கையில, முதல்ல ராஜா, அப்புறம் யானை. சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, இனிச்சுது. ரெண்டு காயை ஒண்ணா நகத்தறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? இதைப் போய் இத்தனை வருஷம் விட்டுட்டமேன்னு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கண்ணாடிக்கு அந்தாண்ட கையை முறுக்கித் தூக்கிக் காட்டுனாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அவரு முகத்துல அவ்வளவு சந்தோஷத்தை நான் பாக்கல. மருந்துக்காரரு முகம் வெளுத்துப் போச்சு. ரெண்டு நகத்தல்ல குதிரையை எடுத்துட்டேன். இப்ப நான் ஒரு குதிரை ஜாஸ்தி. இன்னும் பத்து நகத்தல்ல முடிச்சிடுவேன், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சந்தோஷமா இருக்க வேண்டியதுதானேன்னு கேக்கறீங்க. இருந்தேனே! அதனாலதான் வந்துச்சு வினை. இருவத்தொம்போதாவது நகத்தல் என்னுது. அவரு குதிரையை எடுத்தாச்சு, அவசரம் இல்ல. நகத்தல் எழுதற தாளை எடுத்து அந்த ஒரு வரியை இன்னொரு தரம் பாத்துக்கலாம்னு பாத்தேன். பெரிய பக்கம் கட்டுனா மூணு சைபர் போடணும்னு ஊருக்கெல்லாம் தெரியும், நான் வாழ்க்கையில போட்டதில்ல. அழகா உருட்டி உருட்டிப் போட்டிருந்தேன். சின்னப் புள்ள முதல்ல எழுதுன எழுத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டிருந்தேன்.

நான் தாள்ல தமிழ்லதான் எழுதுவேன். நீங்க காலையில பரவால்லன்னீங்க. யானைக்கு யா, குதிரைக்கு கு. ராஜாவுக்கும் ராணிக்கும் ரா குழப்பும்னு ராணிக்கு ணி, ராஜாவுக்கு ஜா. இந்தாங்க தாள். என் எழுத்து கொஞ்சம் கிறுக்கலா இருக்கும். கீழேருந்து மேல படிங்க. இருவத்தாறாவது வரி, மூணு சைபர். பதினஞ்சாவது வரி என்ன? ஜா. எட்டாவது வரி? ஜா.

ஆங். அதான் சார்.

ராஜா ஒரு தரம் காலை எடுத்து வச்சுட்டா, திரும்பி வந்து அதே கட்டத்துல நின்னாலும் அந்த ஆட்டம் முடியற வரைக்கும் கோட்டை கட்டக் கூடாது. பாக்கறதுக்கு அசையாத மாதிரி நிக்கறான். ஆனா நடந்துட்டு வந்தவன். நான் கட்டுனது செல்லாது.

தெரியாதான்னா, தெரியும். எழுநூறு ஆட்டம் எழுதுனவளுக்கு இது தெரியாதா? மத்தவங்க ஆடும்போது தூரத்துலேருந்தே கண்டுபுடிச்சுடுவேன், டேய் உன் ராஜா நடந்துட்டான்டான்னு சொல்லிடுவேன். ஆனா என் ராஜாவுக்கு அந்தக் கணக்கை நான் வச்சதே இல்ல சார். கட்டவே மாட்டேன்னு இருக்கறவ, கட்டலாமா கூடாதான்னு எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும்? பதினோரு வருஷமா ராஜாவை இஷ்டத்துக்கு நடக்க விட்டவ நான். எங்க பட்டறையில இந்தத் தப்பை என்னைத் தவிர ஒரு ஆளு பண்ண முடியாது.

மருந்துக்காரரு ஏன் உங்களைக் கூப்புடலன்னு பாக்கறீங்களா? அவருக்குத் தெரியல. என் யானையைப் பாத்த பயத்துல அவரு தன் தாளையே பாக்கல. நீங்களும் பாக்கல, நாலு போர்டுக்கும் ஒரே ஆளு, உங்களையும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஃபோர்மேனுக்குத் தெரியும். நான் தாளைப் பாத்து நிமிந்தப்ப அவரு என்னைப் பாத்தாரு. எட்டாவது நகத்தலைப் பக்கத்து போர்டுலேருந்து பாத்தவரு, இருவத்தாறைக் கதவுக்குப் பின்னாடிலேருந்து பாத்தவரு. இந்தச் சட்டத்தைப் பட்டறைக்கே சொல்லிக் குடுத்தவரு அவருதான். உதட்டுல விரலை வச்சாரு. இப்பவும் அதான் வைக்கறாரு, மூக்குல அரிப்பு ஒண்ணும் இல்ல.

அவரு மேல கோவம் இல்ல. அவரு தனக்காகவா கேக்கறாரு? ரூமைக் கேக்கறாரு. நானும் அந்த மேசையில உக்காந்து யோசிச்சேன். நடிக்க மாட்டேன், யோசிச்சேன். யாருக்கும் தெரியாது, ஒரு குதிரை ஜாஸ்தி, பத்து நகத்தல். திங்கக்கிழமை டயர் வராது. எங்க வீட்டுக்காரரு ஒரு மாசத்துக்கு என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவாரு.

ஆனா சார், அந்த ஜன்னல்ல நின்னு, ஒரே தடவையில ரெண்டு காயா, யாரை ஏமாத்தறீங்கன்னு கத்துனவ யாரு? நான். அன்னிக்கு அவங்க ஏமாத்தல, என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. இன்னிக்கு நான் ஏமாத்திட்டு, அந்த ரூம்லயே போய் உக்காந்து, அதே ஜன்னலைப் பாத்துக்கிட்டு ஆடணுமா? அந்த சீட்டுல எனக்கு உக்காரத் தோணுமா? நான் தைச்ச சீட்டு சார் அது.

சிரிப்பாங்க. தெரியும். கட்டத் தெரியாதவ கட்டுனா இப்படித்தான்னு திங்கக்கிழமை மொத்தப் பட்டறையும் சிரிக்கும். அதுக்குத்தான் உங்ககிட்ட முழுசாச் சொன்னேன். யாராவது கேட்டா சொல்லுங்க, கட்டத் தெரியாம மாட்டல, அவளாவே வந்து ஒத்துக்கிட்டா, யாரும் புடிக்கலன்னு சொல்லுங்க. அது போதும். ரூம் போனாப் போகட்டும். பலகையை எடுத்துக்கிட்டு அந்தச் சந்துலயே உக்காந்து சாப்புடறேன். என்னோட ஆடணும்னா அவங்க அங்க வரட்டும், சீட்டுக்கு நடுவுல குனிஞ்சு வரட்டும்.

அதுவும் தோத்தாத்தானே? நான் இன்னும் தோக்கல.

சட்டம் எனக்குத் தெரியும், நீங்க புஸ்தகத்தைத் தேட வேணாம். கட்டறதுக்கு முன்னாடி இருந்த மாதிரியே காயெல்லாம் திரும்ப வைக்கணும். அவரு குதிரையைத் திருப்பிக் குடுக்கணும். அவருக்கு ரெண்டு நிமிஷம் கூடப் போடுங்க. என் யானை எங்க வரப் போகுதுன்னு இப்ப அவருக்குத் தெரிஞ்சு போச்சு, குதிரையை உஷாரா எடுத்துட்டுப் போயிடுவாரு. போகட்டும். நான் முதல்ல தொட்டது ராஜாவை. அதனால அந்த நகத்தலுக்கு நான் ராஜாவைத்தான் நகத்தணும், வேற காயைத் தொட முடியாது. ஒரு எட்டு, மூலைப் பக்கம் இல்ல, முன்னாடிதான் எடுத்து வைக்கப் போறேன்.

அட, என்ன சார் இப்படிப் பாக்கறீங்க? பதினோரு வருஷமா என் ராஜா நடந்துதான் பழக்கம். வாங்க, மருந்துக்காரரு வந்துட்டாரு. கதவைத் தொறங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி நானே சொல்லிக்கறேன், நீங்க கடிகாரத்தை மட்டும் போடுங்க.